பூவுக்கு வேலி, பாசிக்கு ஆசிட்

முசரவாக்கம் ஏரிக்கரையில் இருந்த ஊதாப்பூச் செடி அழிந்துவரும் இனம் என்று சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். உடனே ஊராட்சித் தலைவர் ராமலிங்கம் அதைச் சுற்றி முள்வேலி போட்டு, திறப்பு விழாவுக்கும் ஏற்பாடு செய்தார். அது 2003ஆம் வருடம். விழாவில் பேச, மகளிர் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஸுபத்ராவைச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அழைத்திருந்தார்.

காலையில் வந்து இறங்கியதுமே ஸுபத்ராவுக்கு ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. கரையோரப் படிக்கிணற்றில் இரண்டு ஆட்கள் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில்தான் அவர் பல மழைக்காலமாகக் கவனித்துவந்த பாசி இருந்தது. நகத்தின் உயரம்கூட இராது. வெயிலில் சுருண்டு, ஈரம் பட்டதும் விரியும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அவர் அதைப் பார்த்ததில்லை. கரையில் அரிதான செடி இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் ராமலிங்கத்திடம் நேரிலேயே சொல்லியிருந்தார்.

படியிறங்கிப் போய்த் துடைப்பத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். ராமலிங்கம் ஓடிவந்தார்.

"பாசிதானேம்மா? பெரியவங்க வர்றாங்க, பாக்க அசிங்கமா இருக்குதேன்னு கழுவச் சொன்னேன்."

"உங்ககிட்ட சொல்லியிருந்தேனே."

"நீங்க அந்தப் பூவைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா."

விழா தொடங்கியதும் ஸுபத்ரா, மேடையில் போர்த்திய சால்வையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கின் முன் நின்றார். இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பவை என்றார். செடி காய்ந்தாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கலாம். பாசிக்கு விதையும் இல்லை, வேரும் இல்லை. இலையாலேயே தண்ணீர் குடிக்கும் அது, ஊற்றிய ஆசிட்டையும் அப்படியே குடித்தது என்றார்.

"பூ பூக்கலைங்கிற ஒரே குத்தத்துக்கு அதைக் கொன்னுட்டு, இங்க வந்து ரிப்பன் வெட்டறோம்."

யாரும் கை தட்டவில்லை. ராமலிங்கம் நன்றி சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். பந்தி தொடங்கியது.

ஸுபத்ரா சாப்பிடவில்லை. தன் மாணவி பிரியதர்ஷினியோடு கிணற்றில் இறங்கி, குடம் குடமாக நீர் மொண்டு சுவரை அலசினார். நீட்டியிருந்த ஒரு கல்லின் அடியில் உள்ளங்கையளவு பச்சை மிஞ்சியிருந்தது.

ராமலிங்கம் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கும் வேலி போட்டுரலாமாம்மா?"

"வேலி வேண்டாம். ஆசிட் ஊத்தாம இருங்க, போதும்."

மறுநாள் பத்திரிகையில் பூவின் படம் வந்தது, பக்கத்தில் ராமலிங்கம் நின்றிருந்தார். ஸுபத்ரா பேசியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி வந்து பார்த்தார். கல்லடியில் மிஞ்சிய பாசித் திட்டு உயிரோடு இருந்தது. தேய்த்த சுவர் வெளுத்தே கிடந்தது.