சைக்கிள் சாத்தும் வளவு

எங்கள் கடலோர ஊரான உப்புவெளியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் ஒழுங்கையில் என்னிடம்தான் பேனை இருந்தது.

அவசரம் பூரணி அக்காவுக்கு. வீதியோரம் அவருக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. பட்டணத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற நாங்கள், சைக்கிளை அவரது வளவில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து பஸ் ஏறுவோம். தரிப்பிடம் என்று பலகை கிடையாது. சைக்கிள்களைக் கண்டால் சாரதி நிறுத்துவார். முப்பது வருடமாக இதுதான் சட்டம். இப்போது பஸ் வருகிற சாம்பல்தீவுப் பக்கமாக முந்நூறு மீற்றர் தள்ளி, வீதித் திணைக்களத்தார் சீமெந்தில் புதிய தரிப்பிடம் கட்டிவிட்டார்கள். பஸ் அங்கே நின்றால் கடையை மூடவேண்டியதுதான்.

"இந்த இடத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கெண்டு எழுதித் தா தம்பி. அவங்கள் எழுத்தைத்தான் நம்புவாங்கள்," என்றார் அக்கா.

மூன்று பக்கம் எழுதினேன். உலகப்போரில் இறந்து இங்கே வரிசை குலையாமல் படுத்திருக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஊருக்குள் வந்து போன கடல், வந்து லேசில் போகாத யுத்தம், இப்போது காசு கொடுத்து வெய்யிலில் காயும் வெளிநாட்டுக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. நாங்கள் சைக்கிளை மட்டும்தான் விட்டுவிட்டுப் போகிறோம், பின்னேரம் திரும்பியும் வருகிறோம் என்று முடித்தேன்.

வீதி அதிகாரி தாஹிர் பொறுமையாக வாசித்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் பஸ் கடையடியில் நிற்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை புதிய தரிப்பிடத்தில் முதல் ஆளாகத் தானே ஏறப்போவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை அக்கா தேத்தண்ணிக்குச் சீனியை ஒரு கரண்டி கூடப் போட்டார். குடித்துவிட்டுப் புதிய இடத்துக்கு நடப்பதாகத்தான் இருந்தோம். சைக்கிள்களை மட்டும் வழமைபோலச் சாத்தியிருந்தோம். வேறெங்கே சாத்துவது?

பஸ் வந்தது. தூரத்தில் தாஹிர் கை காட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளும் இல்லை. பஸ் அவரைத் தாண்டி வந்து எங்கள் முன்னால் நின்றது.

முந்நூறு மீற்றரையும் அவர் ஓடியே வந்தார். சாரதி லதீசன் தலையை நீட்டினார்.

"அங்க தனிய நிண்டு என்ன செய்தனீங்கள் சேர்?"

தாஹிருக்கு மூச்சு வாங்கியது. அக்கா கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருந்து ஆறுதலாக் குடியுங்கோ சேர். பஸ் நிக்கும்."

பஸ் நின்றது. அவர் குடித்தார், சைக்கிள்களைப் பார்த்தார், பிறகு கக்கத்தில் இருந்த கோப்பைத் திறந்து என் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதினார்: 'மேற்படி விடயம் நேரில் கண்டறியப்பட்டது.'

அடுத்த கிழமை தரிப்பிடப் பலகை வளவு வாசலுக்கு வந்தது. அக்கா ஆட்கள் இருக்கப் புதிதாக ஒரு வாங்கும் போட்டிருக்கிறார். சீமெந்துக் கட்டடத்தில் இப்போது இரண்டு ஆடுகள் நிற்கின்றன. சைக்கிள் இல்லாததால் அவற்றுக்கும் பஸ் நிற்பதில்லை.