இலவமரத்து வளைவில் இன்று யார் முறை?

1

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை வைத்திருக்கிறேன். என் கற்பனை இல்லை (பாதிதான்). ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ராமுத்தாய், என் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கியது.

விடிகாலைப் பனி மலையை மூடியிருக்க, ஜஹாங்கீரின் ஜீப்பு...

வேண்டாம். பனியில் தொடங்கினால் வயிற்றுக்கு வந்து சேர நேரமாகும். வயிற்றிலேயே தொடங்குகிறேன்.

2

ஜஹாங்கீர் போடியிலிருந்து தோட்டத்துப் பெண்களை மலைக்கு ஏற்றிப் போகிறவர். குடலில் ஆறாத அழற்சி. வலி வந்தால் உடனே ஒதுங்கியாக வேண்டும், அடக்க முடியாது. மலையடிவாரத்து முந்தல் தாண்டி, இலவமரத்து வளைவில் தினமும் பிடிக்கும். வண்டி நிறையப் பெண்கள். எப்படிச் சொல்வார்?

ஆகவே ஒருத்தி கத்துவாள். தினம் ஒருத்தி, முறை வைத்து.

“தம்பி, நிறுத்து! தலை கிறுகிறுங்குது!”

எல்லாரும் இறங்குவார்கள். அவர் தண்ணீர் பாட்டிலோடு புதருக்குப் பின்னால் போவார். திரும்பி வந்து, கிறுகிறுத்தவளுக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பார்.

“என்னக்கா, தெனமும் ஒருத்திக்கா? ஒழுங்காத் தின்னுட்டு வந்தா என்ன?”

“நீ ஓட்டுற லெச்சணத்துக்குத் தின்னது வேற தங்குமாக்கும்!”

[அவருக்கு விஷயம் தெரியுமா? ‘தெரியும்’ என்று எழுதி அடித்துவிட்டேன். எலுமிச்சம்பழம் வாங்கி வைக்கிற மனிதரிடம் அதைக் கேட்க மனசு வரவில்லை.]

3

மாத்திரைகள் கேட்காமல் போயின. ஜீப்பை விட்டுவிடச் சொன்னாள் மனைவி ஷம்னா.

“விட்டுட்டு? வேற சோலி எனக்குத் தெரியாது புள்ள.”

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஸ்டெம்செல் ஆராய்ச்சி. குருத்தணு என்று தமிழில் எழுதுகிறார்கள். தட்டை காய்ந்தாலும் தூரில் குருத்து விடுகிற ஏலச்செடியை அறிந்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஜஹாங்கீர் அதில் சேர்ந்துவிட்டு வந்து பெண்களிடம் சொன்னார்:

“சிலருக்குக் கேக்குமாம், சிலருக்குக் கேக்காதாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. எனக்கு எது போட்டாங்கன்னு டாக்டருக்கே தெரியாதாம்க்கா!”

எழுதுகிறவளுக்காவது தெரிய வேண்டாமா? தெரியவில்லை.

4

முதல் முடிவில் குணமாக்கினேன். ஜீப்பு வளைவில் நிற்காமல் பறந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். ராமுத்தாயிடம் வாசித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா எங்ககூட வர்ற முத்துப்பேச்சி மகனுக்கும் இதே வியாதி. இதக் கேட்டா நாளைக்கே காட்ட வித்து, ஊசி போடுறேன்னு சொல்ற எவன்கிட்டயாவது கொண்டுபோய்க் குடுத்துருவா.”

அடித்தேன்.

இரண்டாவது முடிவில் குணமாக்கவில்லை. ராமுத்தாய் எழுந்து செருப்பை மாட்டினாள்.

“இதுக்கா ஒங்கிட்ட வந்து சொன்னேன்?”

அதையும் அடித்தேன்.

5

ஆகவே இவ்வளவுதான். ஊசி போட்டு, ஓய்வெடுத்து, அவர் மறுபடி வண்டி எடுத்த முதல் காலை. முந்தல் தாண்டியாயிற்று. பெண்கள் எல்லாரும் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். இலவமரம் தெரிகிறது. ஜஹாங்கீரின் கால் மெல்ல...

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. ராமுத்தாய் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன்; ஏறிக்கொள்ளுங்கள். இன்றைய முறை உங்களுடையது. அவர் முகம் சுருங்கினால், வெரசாகத் தலை சுற்றுகிறது என்று கத்துங்கள். சுருங்காவிட்டால் சத்தம் காட்டாமல் மரங்களைப் பாருங்கள். எப்படியானாலும் எலுமிச்சம்பழம் உண்டு.

உங்கள் வீட்டில் உண்டதெல்லாம் உடம்பில் ஒட்டட்டும். வீட்டில் ஒருவருக்கு முடியாத நாளில், கேட்காமலே வண்டியை நிறுத்தச் சொல்ல உங்களுக்கும் நாலு பேர் வாய்க்கட்டும்.