காணிக்கைப் புண்ணாக்கு

கணியம்பாடி ஜெயபுஷ்பம் டீச்சரைக் கஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. பொருளை வீணாக்க மனசு வராது, அவ்வளவுதான். அந்த மனசுதான் அவளைக் கெடுத்தது. எண்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில், கோழித்தீனிக்கு வைத்திருந்த கடலைப் புண்ணாக்கு மூட்டை நனைந்து பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. தன் கோழிகளுக்குப் போடப் பயம். குப்பையில் கொட்டவும் கை வரவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? மேலாக நல்ல புண்ணாக்கைப் பரப்பி, அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச்சில் காணிக்கையாக வைத்துவிட்டாள். கர்த்தருக்கே!

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். யாரோ முகம் தெரியாதவர் எடுத்துப் போவார் என்று டீச்சர் நினைத்திருந்தாள். எடுத்தவள் பக்கத்துத் தெரு வள்ளியம்மாள். கூலி வேலைக்கு நடுவே அடை வைத்துப் பொரித்து, ஒரு கொட்டகை நிறையக் கோழி வளர்த்து வைத்திருந்தாள். எந்தச் சாமியானால் என்ன, சாமிக்கு வைத்த பொருள் வீட்டுக்கு வந்தால் நல்லது என்று நம்புகிறவள்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சபை முழுக்கப் பார்க்க வாயைத் திறப்பதா? சர்ச் வாசலில் அவளை மறித்து, இந்தத் தீனியோடு மஞ்சள்தூளும் அடுப்புக்கரித்தூளும் கலந்து போடு, கோழிக்கு ஒன்றும் வராது என்றாள். கால்நடை டாக்டர் சொன்ன வைத்தியம்தான் அது. பூசண விஷத்தை அது கொஞ்சம்தான் மட்டுப்படுத்தும், பூத்த தீனியைக் கொட்டிவிட வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்தப் பாதியை டீச்சர் விழுங்கிவிட்டாள்.

மூட்டையின் அடியில் பச்சை தெரிந்தபோதும், டீச்சர் சொன்ன மருந்து இருக்கிறதே என்று வள்ளியம்மாள் கலந்து போட்டாள். கோழிகள் இறக்கை தொங்கி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மிஞ்சிய ஒரே கோழியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

"மஞ்சள் கம்மியா போட்டுட்டேனா டீச்சர்? சாமி பொருள்ல கொற இருக்காது. என் கைதான் சரியில்ல."

இதைச் சர்ச்சில் கொடுத்து ஜெபம் பண்ணச் சொல்லுங்கள் என்று கோழியை நீட்டினாள். டீச்சரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவள், இப்போது எங்கே போய் முட்டி போடுவாள்?

"அந்த மூட்ட என்னுது வள்ளியம்மா. பூசணம்னு தெரிஞ்சேதான் வெச்சேன்."

வள்ளியம்மாள் நீட்டிய கோழியைத் திரும்ப இடுக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு வாசல்லயே சொல்லியிருந்தா, போற வழியிலயே கொட்டிட்டுப் போயிருப்பேன் டீச்சர். யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்."