பாதி விலைக்கு வந்த விருந்து

ஓட்டலில் முழு பில்லையும் கட்டிவிட்டு, போதாக்குறைக்குச் சிரித்துக்கொண்டும் வெளியே வருகிறவர்களைக் கண்டால் செந்தாமரைக்குப் பாவமாக இருக்கும். விவரங்கெட்ட சனம் என்று உச்சுக் கொட்டுவாள். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. ஊரார் பில்லை நாள் முழுக்கப் பார்க்கிற கண், தன் பில் என்றால் சும்மா விடுமா? எந்த ஆப்பில் எந்த ஓட்டலுக்கு எப்போது தள்ளுபடி விழும், எந்த கார்டைத் தேய்த்தால் கேஷ்பேக் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இதற்கெல்லாம் மேலே ஒரு வித்தையும் வைத்திருந்தாள். யாருக்காவது கம்பெனியிலோ கல்யாணத்திலோ ஓட்டல் கிஃப்ட் கார்டு கொடுத்திருப்பார்கள். வாங்கினவருக்குப் போய்ச் சாப்பிட நேரம் இருக்காது. அந்தக் கார்டின் நம்பரை வாட்ஸ்அப் குழுவில் குறைந்த விலைக்கு விற்றுவிடுவார்கள். செந்தாமரை அதை வாங்கி, அதற்கு மேல் ஆப் தள்ளுபடியையும் ஏற்றி, ராஜாத்தி மாதிரிச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வருவாள்.

"ஓசியில கெடச்சா இவ பினாயிலையும் குடிப்பா" என்பான் அவள் புருஷன் கண்ணன். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். இப்படிச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவனும் அவனேதான்.

சும்மா சொல்லக் கூடாது, செந்தாமரையின் நாக்கு அப்படிப்பட்ட நாக்கு. ஒரு வாய் வைத்ததும் மிளகு புதுசா பழசா, மீன் காலையில் வந்ததா நேற்றே வந்ததா என்று சொல்லிவிடுவாள். பிள்ளைகுட்டி இல்லை, நகைநட்டு இல்லை. ருசியாகச் சாப்பிடுவது ஒன்றுதான் அவள் கண்ட சுகம். அந்த ஒன்றுக்கும் வந்தது வினை.

குழுவில் ஒரு நாள் 'தீபா' என்று ஒரு பெண் ஒரு கார்டைப் போட்டிருந்தாள். நூறடிச் சாலையில் புதிதாக வந்த பெரிய ஏசி ஓட்டலுக்கான கார்டு. விலை சரிபாதி! ஏதாவது வில்லங்கமாக இருக்குமோ என்று நம்பரைச் சோதித்துப் பார்த்தாள். முழுத் தொகையும் அப்படியே இருந்தது. அடுத்தவள் கொத்துவதற்குள் காசை அனுப்பி வாங்கிவிட்டாள். எதற்காகப் பாதி விலைக்குத் தருகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலிவாக வருவதைக் கேள்வி கேட்டு யார் கெடுத்துக்கொள்வார்கள்?

சனிக்கிழமை ஓட்டலில் உட்கார்ந்ததும் போனில் நம்பரை ஏற்றினாள். பூ, பலூன் எல்லாம் பறந்து, நடுவில் எழுத்து வந்தது. 'அப்பா, பிறந்தநாள் வாழ்த்து. இன்னைக்காச்சும் நல்லாச் சாப்பிடுங்க. தீபா.'

செந்தாமரைக்குச் சுருக்கென்றது. "வித்த பொண்ணு அவ அப்பனுக்குக் குடுத்ததுங்க இது."

"அந்த அப்பனுக்கு வயித்துல என்ன கோளாறோ, மக வித்துட்டா" என்றான் கண்ணன். "நீ கோலா உருண்டையைச் சொல்லு மொதல்ல."

கோலா உருண்டை வந்தது. சுக்கா வந்தது. செந்தாமரை ஒரு வாய் வைத்தாள், மென்றாள், நிறுத்தினாள். உப்பில்லை. கொஞ்சம் குறைச்சல் என்றில்லை, அடியோடு இல்லை. சப்ளையரைக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாக. அதை ஏசி போட்டு விக்கிறீகளோ?" அவர் முழித்தார். கண்ணன் அவள் தட்டிலிருந்தே எடுத்து வாயில் போட்டான்.

"ஏய், உப்பு நறுக்குன்னு இருக்கு. மானத்தை வாங்காத."

அன்றைக்குத் தொடங்கியது. மறுநாள் வீட்டுக் குழம்பிலும் உப்பைக் காணோம். அள்ளி அள்ளிப் போட்டாள். கண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். "கடலைக் கரைச்சு ஊத்திட்டியா?" என்று அங்கிருந்தே கத்தினான். ஊறுகாய், கருவாடு, எதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். தட்டைக் கண்டாலே அழுகை வந்தது செந்தாமரைக்கு. வயிறு பசிக்கும், வாய் வேண்டாம் என்னும். ஆள் பாதியாகிப் போனாள்.

இந்த லட்சணத்திலும் கார்டில் மிச்சம் கிடக்கிறதே என்ற உறுத்தல் அவளை விடவில்லை, பாருங்கள்! ருசிக்காவிட்டால் என்ன, வீணாகப் போகவிடலாமா? ஒரு புதன்கிழமை மத்தியானம் கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்குத் தனியாகக் கிளம்பிப் போனாள். நல்ல வெயில் நேரம், ஓட்டல் நிறையக் கூட்டம். மூலையில் ஒரு மேசை கிடைத்தது. சப்ளையர் மாயக்கண்ணன் வந்து இரண்டு இலை போட்டார்.

"அண்ணே, நான் ஒரு ஆளுதான்."

"கூட வந்த ஐயாவுக்கும்மா."

"எந்த ஐயா?"

"ஒங்க பின்னாடியே வந்தாகளே. வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. இப்பத்தான் கை கழுவ அங்குட்டுப் போனாக. என்ன சாப்பிடுறீகன்னு கேட்டேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளை சாப்பிடட்டும்னாக. சரி, இலையாச்சும் இருக்கட்டுமேன்னு போட்டேன்."

செந்தாமரை திரும்பிப் பார்த்தாள். கை கழுவுகிற இடத்தில் ஓர் ஆளும் இல்லை. குழாய் மட்டும் திறந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே விரித்த இலையின் மேல் தெளித்த தண்ணீர், யாரோ கையால் துடைத்துவிட்டது போல ஓரமாக ஒதுங்கியிருந்தது.  பையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடி வந்தாள்.

அங்கே நின்றபடியே கார்டு விற்ற பெண்ணுக்குப் போன் போட்டாள். "ஏம்மா, அந்தக் கார்டு யாருதும்மா? மறைக்காமச் சொல்லு."

 அந்தப் பெண் சொல்லத் தொடங்கினாள். முழுப் பெயர் தீபலட்சுமி. சென்னையில் கம்பெனி வேலை. அப்பா பெரியகருப்பன் காரைக்குடிக்குப் பக்கத்துக் கல்லலில் விவசாயம் பார்த்தவர். தாயில்லாப் பிள்ளையைத் தனியாளாக வளர்த்தவர்.

"பொறந்தநாளைக்கு நான்தான்க்கா கார்டை அப்பா போனுக்கு அனுப்புனேன். கல்லல்லேருந்து பஸ் ஏறி வந்திருக்காக. அந்தக் கார்டை எப்படிக் காட்டுறதுன்னு அவுகளுக்குத் தெரியல போல. மத்தியானம் விடாம எனக்குப் போன் அடிச்சாக. நான் மீட்டிங்ல இருந்தேன், கட் பண்ணி விட்டுட்டேன். சாயங்காலம் கேட்டேன், சாப்பிட்டீகளாப்பான்னு. பிரமாதம் ஆத்தா, வயிறு நெறையச் சாப்பிட்டேன்னாக. அடுத்த மாசமே நெஞ்சுவலியில போயிட்டாக. அப்புறமாக் கார்டைப் பாக்குறேன், ஒரு பைசா தொடாம முழுசாக் கெடக்கு." அவள் குரல் உடைந்தது. "வச்சுப் பாக்கவும் முடியலக்கா. நான் போய்த் திங்கவும் முடியல. அதான் வித்துட்டேன்."

செந்தாமரைக்கு முதலில் வந்தது கோபம். பெற்ற அப்பன் பங்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாளே! வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பிவிட்டது. விற்றவள் துக்கத்தில் விற்றாள். வாங்கினவள் எதில் வாங்கினாள்?

கண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். இறந்தவருக்கென்று ஆசையாக வாங்கினதை அவருக்கு இலை போட்டுப் படைத்த பிறகுதான் மற்றவர் கை வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். படைக்கிற சமையலில் உப்புப் பார்ப்பதும் கிடையாது. முதல் ருசி போனவருக்கு.

"நாம முந்திக்கிட்டோம் தாமரை" என்றான். "கார்டுல செத்தவுக பேரு எழுதியிருக்குமா என்ன? ஆனாலும் தின்னுட்டோம்ல. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாக."

"நீங்களுந்தான தின்னீக. ஒங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகலையே!"

"வாங்குனது நீதான?"

 செந்தாமரை போனை எடுத்துத் தீபலட்சுமியைக் கூப்பிட்டு, தன் நாக்கில் உப்புப் போனதையும் பின்னாலேயே வந்த வெள்ளை வேட்டி ஐயாவையும் மறைக்காமல் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை கெளம்பி வா தங்கச்சி. அதே ஓட்டல்ல ஒங்கப்பாவுக்கு ஒரு இலை போடுவோம். காசு நான் கட்டுறேன். ஆஃபரும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். போனவுக காரியத்துக்கு யாராச்சும் பேரம் பேசுவாகளா?"

ஞாயிற்றுக்கிழமை தீபலட்சுமி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்து, தூங்காத முகம். நான்கு பேர் மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தீபலட்சுமி பக்கத்து நாற்காலி காலி. அதன் எதிரே மாயக்கண்ணன் முதல் இலையைப் போட்டார். அவருக்கும் ஏதோ புரிந்திருந்தது.

"ஐயாவுக்கு என்ன வைக்கட்டும்?"

செந்தாமரை அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?"

தீபலட்சுமி வாயைத் திறந்தாள். யோசித்தாள். முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"தெரியலக்கா" என்றாள். "எனக்கு வச்சது போக மிச்சம் எதுவோ அதைச் சாப்பிடுவாக. இது வேணும்னு அவுக கேட்டு நான் பாத்ததே இல்ல."

செந்தாமரை சட்டென்று திரும்பினாள். "அண்ணே, இருக்கிறதெல்லாம் கொண்டாங்க" என்றாள் மாயக்கண்ணனிடம். விலைப் பட்டியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

கறி, மீன், எலும்பு ரசம், பணியாரம் என்று இலை நிறைந்தது. தீபலட்சுமி கையில் தண்ணீர் ஊற்றி இலையைச் சுற்றி விட்டாள். மூன்று பேரும் கும்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமுக்கு அழுதது. சோற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதைத் தவிர அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மாயக்கண்ணன் மற்ற மூன்று பேருக்கும் இலை போட்டுப் பரிமாறினார்.

"சரி, நாமளும் உக்காந்தாச்சு, சாப்பிடுவோம்" என்றான் கண்ணன்.

செந்தாமரைக்குக் கை எழவில்லை. இதற்கும் நாக்கு திரும்பாவிட்டால்? இனிச் செத்துப்போகிறவரைக்கும் இப்படித்தான் என்றால்? குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு, சோற்றில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

உப்பு! நாக்கின் நுனியிலிருந்து அடித்தொண்டை வரைக்கும் உப்பு! பின்னாலேயே புளி வந்தது, மிளகு வந்தது. ஊரைவிட்டுப் போன சொந்தமெல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஏங்க, உப்பு இருக்குங்க! எனக்குத் தெரியுதுங்க!" கண்ணன் சிரித்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அக்கா" என்றாள் தீபலட்சுமி.

அவள் ஒரு வாய் சாப்பிட்டு நிறுத்தியிருந்தாள். மறுபடி ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள்.

"இதுல உப்பே இல்லையேக்கா."

 கண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தீபலட்சுமி இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள் செந்தாமரை. அருமையான உப்பு. தான் பட்ட பாடெல்லாம் அவளுக்குக் கண்முன்னே வந்தது. இந்தப் பிள்ளை தனியாக ஒரு ஊரில் கிடந்து எப்படித் தாங்கும்? பயத்தில் மேசையில் இருந்த உப்புக் குப்பியை எடுத்து அவள் பக்கம் அவசரமாகத் தள்ளினாள்.

தீபலட்சுமி அதைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை அதை ஒட்டி நகர்த்திப் போட்டுக்கொண்டு, அடுத்த வாயைப் பிசைந்தாள். வந்ததிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

"வேண்டாம்க்கா, இப்படியே இருக்கட்டும்" என்றாள். "போகையில அவுக என்கூட வரட்டும்."