முருகன் போட்ட பாஸ்

கவிப்பிரியாவின் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மூலையில் குங்குமப் பொட்டும் வைத்து, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் ஞானசம்பந்தம். கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவள் என்று சொல்லும் சர்வதேசச் சான்றிதழ் அது. அதற்காக அவள் ஞாயிறுதோறும் மண்ணரையிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய்ப் படித்துப் பரீட்சை எழுதியிருந்தாள். அது 2007. திருப்பூரில் சல்லடை போட்டுத் தேடியதில் அவருக்கு அகப்பட்டவள் அவள் ஒருத்திதான். எதைப் படித்து அதை வாங்கினாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பொட்டு வைத்தாகிவிட்டது, விசாரணை வேறு எதற்கு?

நல்லூரில் அவருடைய கம்பெனி. கீழே நாலு தையல் மிஷின், மேலே சாஃப்ட்வேர். பனியன் கம்பெனிகளுக்கு வருகைப்பதிவு புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் மேல்மாடித் தொழில். எழுதுகிறவர் அவருடைய மருமகன் அருள்குமார். கல்யாணத்தில் மோட்டார் பைக் கேட்கிற மாப்பிள்ளைகள் உண்டு; இவர் கம்பெனி கேட்டார், கிடைத்தது. எழுதி முடித்ததும் தானே நாலு பட்டனைத் தட்டிப் பார்ப்பார். எந்தப் பட்டனைத் தட்டினால் ஓடும் என்பது எழுதியவருக்குத் தெரியாதா? ஓடும். உடனே இனிப்பு வரும்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்த பிழைப்புக்குத்தான் பொங்கியண்ணனால் சோதனை வந்தது. மங்கலம் ரோட்டில் பெரிய ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருப்பவர் அவர்; இவர்களிடம் புதிதாக ஒரு வருகைப்பதிவு புரோகிராம் கேட்டிருந்தார். அவரிடம் பனியன் வாங்கும் வெள்ளைக்காரர்கள், வருகைப்பதிவு புரோகிராமைச் சான்றிதழ் உள்ள ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் கவிப்பிரியாவுக்கு வேலை. கையெழுத்துக்கு முன்னால் அவள் உண்மையாகவே சோதித்துப் பார்ப்பாள் என்று மாமனாரும் எதிர்பார்க்கவில்லை, மருமகனும் எதிர்பார்க்கவில்லை.

அவள் படித்த பாடம் வேறு. ஓடுகிறது என்று காட்டுவதற்கல்ல சோதனை, எங்கே உடைகிறது என்று தேடுவதற்கு. எழுதியவனே சோதித்தால் அவன் கண்ணுக்கு அவன் தப்புத் தெரியாது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில்தான் பிழை குடியிருக்கும், அங்கே கையை வை. அவள் தேதி மாறுகிற இடத்தில் கையை வைத்தாள். ராத்திரி எட்டுக்கு உள்ளே வந்து காலை எட்டுக்கு வெளியே போகும் ஒரு ஆளைக் கற்பனையாகப் பதிந்தாள். புரோகிராமுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் வந்தவன் வெளியே போகவில்லை, அதனால் ஆப்சென்ட். மறுநாள் வெளியே போனவன் உள்ளேயே வரவில்லை, அதனால் அதுவும் ஆப்சென்ட். ஒரு ராத்திரி கண் விழித்து உழைத்தவனுக்கு இரண்டு ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் விழுந்தால் புரோகிராம் தானாகவே ஆளின் பெயரை எடுத்துவிடும். அப்படி ஒரு வசதியை மாப்பிள்ளை ஆசையாகச் சேர்த்திருந்தார்.

கவிப்பிரியா இன்னொரு தடவை பதிந்து பார்த்தாள்; அதே இரண்டு ஆப்சென்ட். அவள் தெருவில் பாதிப் பேர் பொங்கியண்ணன் கம்பெனியில் நைட் ஷிப்ட்டுதான். பக்கத்து வீட்டு மயிலாள் அங்கே போய்த்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். தன் கையெழுத்து விழுந்தால் அந்த வாரமே அத்தனை பேர் பெயரும் காணாமல் போகும்.

அருள்குமாரிடம் சொன்னாள். அவர் திரையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு மணிக்கு எல்லாரும் ஒருக்கா வெளிய போற மாதிரி கார்டத் தேச்சுட்டு, மறுக்கா உள்ள வர்ற மாதிரி தேச்சுட்டாப் போச்சு. இதப் போயித் தப்புங்கறயே."

நடுராத்திரியில் நிட்டிங் மிஷினையெல்லாம் நிறுத்திவிட்டு ஊரே வரிசையில் நின்று கார்டைத் தேய்க்க வேண்டுமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் கூடமல்ல, நேரமே கோணல்.

ஞானசம்பந்தத்திடம் போனாள். அவர் முழுவதும் கேட்டார். தப்பு என்று அவருக்குப் புரிந்தது. நெசவுக் குடும்பத்தில் பிறந்து, மில்லில் நைட் ஷிப்ட் பார்த்து மேலே வந்தவர்தானே. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"மாப்பிள்ளை எழுதுனதுல தப்புன்னு நான் எந்த வாயில சொல்றது கண்ணு? எம் புள்ள அந்த ஊட்டுல பொழைக்கோணுமில்ல."

அவள் அசையவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வைகாசி விசாகத்தன்று புரோகிராமை ஓட விடுவதாகப் பொங்கியண்ணனுக்கு நாள் குறித்துக் கொடுத்தாகிவிட்டது. ஞானசம்பந்தத்தால் மருமகனிடமும் சொல்ல முடியாது, வாடிக்கையாளரிடமும் சொல்ல முடியாது. பாவம், மனிதர் என்ன செய்வார்? பொறுப்பைத் தூக்கி முருகன் தலையில் வைத்தார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்புப்பூ கட்டி வைத்து, மலைக்கோயிலில் பூக்கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப்பூ வந்தால் சாமி உத்தரவு, அவள் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பு வந்தால் நிறுத்திவிடலாம். பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் பூக்கேட்பதை அவள் பார்த்திருக்கிறாள். சாஃப்ட்வேருக்கு ரிசல்ட் கேட்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். வேலை வேண்டுமே என்று போனாள்.

பொங்கியண்ணனும் வந்திருந்தார். பூ வந்ததும் ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிப் போகலாம் என்று ஞானசம்பந்தம்தான் வரச் சொல்லியிருந்தார். வாசலில் அரளிப்பூ வாங்கி, காகிதத்தில் இரண்டு பொட்டலமாக மடித்து எடுத்து வந்தவர் அருள்குமார். பூசாரி இரண்டையும் தட்டோடு சாமி காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். தட்டை அவர்கள் நின்ற இடத்துக்கு எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ஞானசம்பந்தம் தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்ததும் கண்ணைத் துடைத்தபடி பேனாவை நீட்டினார். நைட் ஷிப்ட்டைப் பற்றி முருகனுக்கே ஆட்சேபணை இல்லை என்றாகிவிட்டது. அருள்குமார் மட்டும் சாமியைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பொட்டலம் அதில் கிடந்தது. அதை எடுப்பதற்கு அவர் கை போனதை அவள் கவனித்தாள்.

ஓடுகிற பட்டனை மட்டும் தட்டுகிற மனுஷன் பூவை எப்படிக் கட்டியிருப்பார்? தோற்கவே முடியாத சோதனை சோதனையே அல்ல என்பது பாடத்தின் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அவள் முந்திக்கொண்டு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.

பூசாரி மெல்ல உள்ளே போய்விட்டார். பொங்கியண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, காசு குடுத்து வாங்கறவனுக்கு ரெண்டுமே வெள்ளைங்களா?"

கவிப்பிரியா பேனாவை வாங்கினாள். ரிப்போர்ட்டில் முடிவு என்று போட்டிருந்த இடத்தில் 'ஃபெயில்' என்று எழுதி, இராப்பணிக்கு இரண்டு ஆப்சென்ட் விழுவதைக் கீழே விளக்கி, கையெழுத்துப் போட்டுப் பொங்கியண்ணனிடமே கொடுத்தாள். பயம்தான், ஆனால் அவ்வளவு தெளிவாக அவள் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. படித்து முடித்த பொங்கியண்ணன் தன் நிட்டிங் யூனிட்டே ராத்திரியில்தான் ஓடுகிறது என்றும், பழைய காகிதக் கார்டே தனக்குப் போதும் என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஞானசம்பந்தத்தின் முகம் கறுத்துப் போயிற்று. திரும்பினார். மருமகன் பக்கமல்ல, அவள் பக்கம்.

"சன்னதில வெச்ச பொட்டலத்தப் பிரிக்க உனக்கு ஆரு உத்தரவு குடுத்தா? அபச்சாரம் பண்ணிட்டயே கண்ணு."

இரண்டு வெள்ளையைக் கட்டி முருகன் முன்னால் வைத்தது அபச்சாரமல்ல, பிரித்ததுதான் அபச்சாரம். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. வேலை போனதற்காக மட்டுமல்ல, இத்தனை வயசுக்கு இந்த மனிதர் இப்படி இருக்கிறாரே என்ற அருவருப்பும் சேர்ந்து வந்தது.

"நான் பிரிக்காட்டியும் உள்ள வெள்ளைதானுங்க சார் இருந்திருக்கும்" என்றாள்.

ஞானசம்பந்தம் தோளில் துண்டைச் சரி செய்துகொண்டார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டார்.

"வாங்க மாப்பிள்ளை, போலாமுங்க. காலைலருந்து நீங்க ஒண்ணுமே சாப்புடலீங்களே."