இடது கைக் கல்யாணம்

காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி ஒருவழியாக இறங்கி வந்தார். மகன் கிறிஸ்துதாஸ் செல்வமேரியைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணம் விடியற்காலைப் பூசையில், மேளதாளம் இல்லாமல். பெண்ணைப் பெற்றவள் அவர் வீட்டுப் படி ஏறக்கூடாது. காப்பிப் பழம் பறிக்கிறவளைச் சம்பந்தி என்று சொல்ல அவருக்கு நாக்குக் கூசியதாம்.

செல்வமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கிறிஸ்துதாஸ் மேல் உயிரையே வைத்திருந்ததால் சரியென்று தலையாட்டினாள்.

மனுஷர் அதோடு விட்டாரா? அந்த வருஷம், எண்பத்து மூன்றில், கோயில் திருவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதினார். எங்கோ கிடைத்த புத்தகத்தில் படித்தாராம். அந்தக் காலத்து ஜெர்மனியில் தடுக்கி விழுந்தால் ஒரு ராஜ்யம். அங்கே இளவரசன் தனக்குக் கீழே பெண் எடுத்தால், கல்யாணத்தில் இடது கையைத்தான் கொடுப்பான். பிரபு வீட்டுப் பெண்ணானாலும் அதே கதிதான். மனைவி என்று இருக்கலாம், மகாராணி ஆக முடியாது, பிள்ளைக்கும் பட்டம் கிடையாது.

இளவரசன் கிறிஸ்துதாஸ். மணப்பெண் செல்வமேரி.

"பிரபு ஊட்டுப் பொண்ணே அடங்கிக் கெடந்தா. தெரிஞ்சுக்க கண்ணு," என்று ஒத்திகையில் ரைட்டர் கொஞ்சலாக வேறு சொன்னார்.

நாடகத்தன்று மஞ்சக்குட்டை, கரடியூர் ஜனமெல்லாம் திரண்டிருந்தது. ஜிகினா கிரீடத்தோடு இளவரசன் இடது கையை நீட்டினான். முன்வரிசையில் ரைட்டர் மீசையை நீவிக்கொண்டார்.

செல்வமேரி அந்தக் கையையே பார்த்தாள். எழுதிக் கொடுத்த வசனம் அவளுக்கு வாயில் வரவில்லை.

"ஏனுங்க இளவரசரே, பீச்சாங்கைய எங்கூர்ல காலைல ஒரு வேலைக்குத்தானுங்க வெச்சிருக்கோம். சோத்தாங்கைய நீட்டுங்க," என்றாள், மைக்கிலேயே.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிறிஸ்துதாஸின் வலது கை லேசாக எழுந்தது. அப்பாவைப் பார்த்தான். கை இறங்கிவிட்டது.

"வசனத்தச் சொல்லு புள்ள," என்று கிசுகிசுத்தான்.

இந்த ஆளுக்காகவா பெற்றவளை வாசலில் நிறுத்தச் சம்மதித்தேன் என்று செல்வமேரிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மேடையை விட்டு இறங்கினாள். நேரே ரைட்டரிடம் போய், தலையிலிருந்த மணப்பெண் முக்காட்டை எடுத்து அவர் தலையில் போட்டாள்.

"உங்க மகன் உங்களத்தானுங்க கட்டியிருக்காரு. நீங்களே மகாராணியா இருந்துக்குங்க."