ஞா. சவரியப்பன்

எஸ்லின் மூன்றாவது முறையாகப் பஞ்சைத் தேங்காயெண்ணெயில் தோய்த்து அப்பாவின் வலது மணிக்கட்டில் தேய்த்தாள். முத்திரை போகவில்லை. ஊதா மையில் வட்டமாக, உள்ளே ஏதோ எண்ணும் தேதியும். ஜெயிலில் மனு போட்டுக் கைதியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் வாசலிலேயே குத்தி அனுப்புகிற முத்திரை அது. சனிக்கிழமை குத்தியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார். திங்கட்கிழமை விடிந்ததும் பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணி ஆகியும் முத்திரை மட்டும் புதிதாக இருந்தது.

"உடு பாப்பா. தோலு வந்துரும்," என்றாள் அம்மா சூசைமேரி.

"சாவுலகூட ஜெயில் சீலோட போவணுமா?"

"போனா என்ன இப்போ?"

எஸ்லினுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சிப்காட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. தப்பான பீஸில் தப்பான முத்திரை விழுந்துவிட்டால் தின்னரைத் தொட்டு ஒரே துடைப்பில் எடுத்துவிடுவாள். அப்பாவின் கையில் தின்னர் போட முடியாது. பஞ்சை வீசிவிட்டு, சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடி, ஐஸ் பெட்டியின் கண்ணாடியைச் சாத்தினாள்.

அப்பாவோடு அவள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. 'மாத்திரை போட்டீங்களா', 'உங்க மருமகன் வண்டிய எடுத்துட்டு வருவாரு' என்பதையெல்லாம் பேச்சில் சேர்க்கக் கூடாது.

சவரியப்பன் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கோயிலில் சிறைப்பணிக் குழுவுக்குப் பேர் கொடுத்துவிட்டார். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை பஸ் மாறி பஸ் மாறி ஜெயிலுக்குப் போவார். மருமகன் பென்சனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்த அன்றைக்குக்கூட, "ரெண்டாஞ் சனிக்கிழமையாச்சே கண்ணு" என்று ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிசைந்துவிட்டுக் கிளம்பிப் போனார். கஞ்சா கேஸ், செயின் அறுத்த கேஸ், சொந்த அம்மாவே எட்டிப் பார்க்காத கேஸ் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். "ஏம்ப்பா, ஊர்ல தப்புப் பண்ணாதவங்களுக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட் கிடையாதா?" என்று எஸ்லின் கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் இன்னாசியின் பெயர் அவள் காதில் விழும்வரைதான்.

இன்னாசி தன் மனைவியைக் கொன்றவன். மனைவி பொற்கொடி, எஸ்லினுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பீஸ் அளந்துகொண்டிருந்தவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அவன் குடித்துவிட்டு வந்து, போனில் யாரோடு பேசினாய் என்று கேட்டு, அம்மிக் குழவியால் அடித்தான். பொற்கொடி லாக்கரில் விட்டுப்போன டிபன் பாக்ஸை எஸ்லின்தான் கழுவினாள். உள்ளே பாதி எலுமிச்சை சாதம் இருந்தது. அப்படிப்பட்டவனை அப்பா மூன்று வருஷமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பொற்கொடியப் பாக்க யாருப்பா மனு போடுவாங்க?"

அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளும் கேட்கவில்லை.

பதினொன்றரை மணிக்குத் தெருமுனையில் ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. ஷாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வேனிலிருந்து தொப்பையும் நரைத்த மீசையுமாக ஒரு ஏட்டு இறங்கினார். அவர் இடது கை விரல்களோடு விரல் கோர்த்தபடி வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான். ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற மாதிரி இருவரும் கை பிடித்தபடியே நடந்து வந்தார்கள்.

"சவரியப்பன் வீடு இதுங்களா?" என்றார் ஏட்டு. சட்டையில் பாலாஜி என்று பெயர் இருந்தது. "இறந்தவரோட பையனைக் கூட்டியாந்திருக்கோம்."

"எந்தப் பையன்? நான் ஒரே பொண்ணு," என்றாள் எஸ்லின். சொல்லும்போதே அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கோர்ட்டில் ஒருமுறை பார்த்த முகம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

பாலாஜி கக்கத்திலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். இன்னாசி, ஆயுள் கைதி. தகப்பன் இறந்ததற்காக அவசர விடுப்பு, போலீஸ் காவலோடு, மாலை ஐந்து மணிவரை. தகப்பன் பெயர்: ஞா. சவரியப்பன்.

தரம் பார்க்கிறவள் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த எழுத்துதான். "எங்கப்பா இனிஷியல் அ-னா. எங்க தாத்தா பேரு அந்தோணி. இந்த ஞா யாரு?"

"அது எனக்கென்ன மேடம் தெரியும்? பெரியவரு கையெழுத்துப் போட்ட மனுவுல இப்படித்தான் இருக்குன்னு ஆபீஸ்ல குடுத்தாங்க, கூட்டியாந்தேன். குடும்பத்துல ஒருத்தரு, ஆமா இவரு பையன்தான்னு கையெழுத்துப் போடணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க, இப்பவே வண்டியத் திருப்பிடறேன். ஆனா பொய் சொல்லி லீவு வாங்குனான்னு நான் எழுதியாவணும். அப்புறம் இவனுக்கு லீவும் கிடையாது, மனுவும் கிடையாது."

இன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏழு வருஷமாக அவள் நெஞ்சில் இருந்தது அந்த ஒரு சொல்தான். ஆனால் பெட்டிக்குள் கிடக்கிறவர் பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்று காகிதத்தில் ஏறுமே என்ற நினைப்பு குறுக்கே வந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இவனுக்கு யாரு சொல்லியுட்டது?"

சூசைமேரி ஐஸ் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "நாந்தான். சிறைப்பணி சிஸ்டருக்குப் போன் பண்ணேன்."

"பையன்னு போட்டிருக்கும்மா. அப்பாவா இப்படி எழுதிக் குடுத்தாரு?"

"அவரு சரியாத்தான் எழுதுனாரு. அந்தப் பையன் அனாதை, நம்ம கோயில் போர்டிங்ல வளந்தவன். ஜெயில்ல வெச்சு பிஷப் ஆண்டவர் அவனுக்கு எண்ணெ பூசி உறுதிபூசுதல் குடுத்தப்ப உங்கப்பாதான் பக்கத்துல நின்னாரு. மனுவுல என்ன உறவுன்னு கேட்டாங்க. அப்படிப் பக்கத்துல நிக்கறவரு ஞானத்தகப்பன், அதையே எழுதுனாரு. கம்ப்யூட்டர்ல ஏத்துனவருக்கு ஞானத்தகப்பன்னா என்னன்னு தெரியல. ஞா-வத் தூக்கி இனிஷியல்ல போட்டுட்டாரு. மீதி தகப்பன்."

"மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"ரெண்டு தடவ போய்ச் சொன்னாரு. அதுல என்ன பெரியவரே வந்துச்சுன்னு அனுப்பிட்டாங்க." சூசைமேரி பெட்டிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். "மூணாந் தடவ அவரு போவல."

எஸ்லினுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சிஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவள் இவள் ஒருத்திதான். போர்டிங் பையன், அனாதை என்றால் குழவியைத் தூக்கலாமா? பொற்கொடிக்கு ஆண்டவர் வந்தாரா? எல்லாவற்றையும் அந்தப் பெட்டியைத் தட்டிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் மட்டும் பதில் வந்துவிடுமா?

வெளியே வந்தபோது இருவரையும் யாரோ தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் பத்தடிக்கு ஆளில்லை. பாலாஜி ஒற்றைக் கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான் இன்னாசி, எழுந்து நின்று.

"அக்கான்னு கூப்பிடாத."

"சரிங்க."

"பொற்கொடி எங்கூட வேல செஞ்சவ. தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க. ஐயா சொன்னாரு."

"என்ன சொன்னாரு? எல்லாம் போச்சு, கடவுள் மன்னிச்சுட்டாருன்னா?"

"அப்படி ஒரு நாளும் சொல்லலீங்க." அவன் பார்வை இன்னும் தரையிலேயே இருந்தது. "மொத தடவ வந்தப்ப, உம் பொஞ்சாதி பேரு என்னன்னு கேட்டாரு. நான் சொல்லல. நீ அந்தப் பேரச் சொன்னாத்தான் நான் இந்தப் பெஞ்சுல உக்காருவேன்னு நின்னாரு. இருவது நிமிஷமும் கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டுப் போனாரு. அடுத்த மாசமும் அப்படித்தான். பத்து மாசங்க. எனக்கு வாயில வரலீங்க அந்தப் பேரு."

பாலாஜி டீயை உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தார்.

"பதினோராவது மாசம் சொன்னேன். உக்காந்தாரு. வேற ஒண்ணும் பேசல. அப்பறம் ஒவ்வொரு தடவையும் அதான். மொதல்ல அவ பேரு, அப்பறந்தான் பிஸ்கெட்டு, சாப்புட்டியா, எல்லாம். போன சனிக்கிழமையும்."

எஸ்லினுக்கு ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு தீபாவளி போனஸ் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு முட்டி வீங்கியிருந்த வருஷம். கோயிலில் முழங்கால் போட்டுப் போட்டே இப்படி ஆக்கிக்கொண்டார் என்று திட்டி, நீலக் கலரில் ஒரு முட்டி பெல்ட் வாங்கிக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு, நல்லா இருக்கு கண்ணு என்றார். எங்கே நின்றார் என்று சொல்லவில்லை. இவள் கேட்ட கேள்விக்காவது சொல்லியிருக்கலாமே. ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்தார். முதல் பிடி மண்ணை யார் போடுவது என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மகன் இல்லாத வீட்டில் தம்பி பிள்ளை போடலாம் என்பது அவர் கணக்கு. எஸ்லின் யாரையும் கேட்காமல் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். செம்மண் ஈரமாக விரலில் அப்பியது. பெட்டிமேல் விழுந்த சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல், விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே ஓரமாக நின்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால் பாலாஜியும் இன்னாசியும் நின்றார்கள். யாரும் வழிவிடவில்லை.

"அவன் வரட்டும்," என்றாள் எஸ்லின்.

"பாப்பா, ஜெயில்ல இருந்து வந்தவன்..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"மண்ணுதானே சித்தப்பா. வந்து போட்டுட்டுப் போவட்டும்."

விரல் கோர்த்திருந்ததால் இன்னாசி குனிந்தபோது பாலாஜியும் கூடவே குனிய வேண்டியிருந்தது. அவன் அள்ளிய மண்ணில் பாதி அவர் கையிலும் ஒட்டியது. தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் இன்னொரு கையால் அதைத் தொட்டுக்கொண்டே நின்றார். இன்னாசி குழிக்குமேல் கையை நீட்டினான். போடவில்லை. அவன் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எஸ்லினுக்கு மட்டும் கேட்டது.

"பொற்கொடி," என்றான். பிறகுதான் மண்ணைப் போட்டான்.

எஸ்லினுக்கு அவன் மேல் இருந்த வெறுப்பு அப்போதும் இம்மியும் குறையவில்லை. அது குறையாமலே இருக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். அப்பாவும் குறைக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது.

வாசலுக்கு வெளியே, இன்னாசியை வேனுக்குள் இன்னொரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பாலாஜி படிவத்தை வேன் மூக்கின்மேல் விரித்தார். நெடுஞ்சாலையிலிருந்து லாரி ஹாரன்கள் ஓயாமல் கேட்டன. ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டும்வரைக்கும் இன்றைக்கு நெரிசல்தான் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேடம் முடிவு? ஆமாவா, இல்லையா? நான் அஞ்சு மணிக்குள்ள கெளம்பணும்."

கம்பெனியில் அளவு தப்பிய பீஸை, 'பரவாயில்லை, ஓடும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வழக்கம் ஒன்று உண்டு. பதினோரு வருஷத்தில் எஸ்லின் ஒருமுறைகூட அப்படிப் போட்டதில்லை. மேனேஜர் கெஞ்சியும் போட்டதில்லை. பேனாவை வாங்கினாள். மேற்படி கைதி இறந்தவரின் மகன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, செம்மண் பட்ட விரலால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்தைப் போட்டுவிட்டாள். ஒரு எழுத்துகூட இழுபடவில்லை.

"அவ்வளவுதான். கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதையும் ரொப்பிருங்க," என்றார் பாலாஜி நிம்மதியாக.

கையெழுத்திடுபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. மகன் என்ற வரிக்குக் கீழே மகள் என்று எழுத வேண்டும்.

எஸ்லின் பேனாவைக் கட்டத்தில் வைத்தாள். வைத்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழுந்தது. வேன் ஜன்னலிலிருந்து இன்னாசி பார்த்துக்கொண்டிருந்தான். கல்லறைத் தோட்டத்துக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டே போனது.

"பேனா எழுதலீங்களா மேடம்?" என்று கேட்டு, பாலாஜி தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.